ராஸ்பெரி பை எந்தக் கெர்னலை எடுத்து ஓட்டுகிறது? பேர்-மெட்டல் எழுதுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராஸ்பெரி பை 3-ல் பேர்-மெட்டலாக, அதாவது லினக்ஸ் போன்ற ஓஎஸ் இல்லாமல் நேரடியாகப் போர்டில் ஓடும்படி, சீரியல் வழியாக ஒரே ஒரு வரி எழுதும் சின்னக் கெர்னல் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாட் ரேட் (சீரியலின் வேகம்) கணக்கை மாற்றினேன், கிளாக்கை மாற்றினேன், கடைசியில் எழுதும் வரியையே மாற்றினேன். திரையில் வந்தது மட்டும் மாறவே இல்லை. இரண்டு சாயங்காலம் இப்படியே போனது. நான் கார்டில் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தது கெர்னல்8.ஐஎம்ஜி. அதே கார்டில் போன வாரம் 32 பிட்டில் செய்து பார்த்த கெர்னல்7.ஐஎம்ஜி-யும் இருந்தது, அந்தப் பழைய பெயரைச் சொல்லும் வரி, போர்டு பூட் ஆகும்போது படிக்கும் செட்டிங் கோப்பான கான்ஃபிக்.டிஎக்ஸ்டி-யில் அப்படியே கிடந்தது. போர்டு அந்த வரி சொன்னபடி பழைய கெர்னலையே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். பேர்-மெட்டலுக்குள் வரும் எல்லோரும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஆனால் பல டுடோரியல்கள் "பெயரை இப்படி வை, கார்டில் போடு" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கோப்புப் பெயர்களையும் செட்டிங் பெயர்களையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கார்டில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஹெக்ஸ் எண்களுக்கு முன்னால் வழக்கமான பூஜ்ஜியம்-எக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், தேர்ந்தெடுப்பது யார்

பவர் கொடுத்ததும் போர்டின் முக்கிய பிராசசரான ஆர்ம் கோர் எழுந்து கார்டைப் படிக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பை 1 முதல் பை 3 வரை அப்படி இல்லை. முதலில் விழிப்பது வீடியோகோர், அதாவது ஜிபியு. ஆர்ம் அந்த நேரத்தில் ரீசெட்டில் கிடக்கிறது. சிப்புக்குள்ளேயே எழுதப்பட்ட பூட் ரோம் எஸ்டி கார்டின் ஃபேட் பார்ட்டிஷனைத் திறந்து பூட்கோட்.பின் என்ற கோப்பைத் தேடி எடுக்கிறது. மெயின் மெமரி இன்னும் தயாராகாததால் அதை எல்2 கேஷுக்குள் வைத்து ஓட்டுகிறது. பூட்கோட் மெயின் மெமரியான எஸ்டிராமை எழுப்பி, ஸ்டார்ட்.எல்ஃப் என்ற பெரிய ஃபர்ம்வேரை (போர்டை இயக்கும் அடிப்படைப் புரோகிராமை) ஏற்றுகிறது. கான்ஃபிக்.டிஎக்ஸ்டி-யைப் படிப்பது, எந்தக் கெர்னல் என்று முடிவு செய்வது, அதை மெமரியில் வைப்பது, கடைசியில் ஆர்மை ரீசெட்டிலிருந்து விடுவிப்பது எல்லாம் இந்த ஸ்டார்ட்.எல்ஃப் செய்யும் வேலை.

பை 4-ல் பூட்கோட்.பின் கார்டில் தேவையில்லை, அந்த வேலை போர்டிலேயே இருக்கும் ஈப்ராம் என்ற நிலையான மெமரிக்குப் போய்விட்டது, ஸ்டார்ட்4.எல்ஃப், ஃபிக்ஸப்4.டேட் இரண்டும் மட்டும் கார்டில் வேண்டும். பை 5-ல் அதுவும் இல்லை, ஃபர்ம்வேர் முழுவதும் ஈப்ராமுக்குள் இருக்கிறது.

இதிலிருந்து தெரிய வேண்டியது என்னவென்றால், உங்கள் கோடின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே இன்னொரு புரோகிராம் உங்கள் சார்பில் நாலைந்து முடிவுகளை எடுத்து முடித்துவிட்டது. எந்தக் கோப்பு, 32 பிட்டா 64 பிட்டா, எந்த முகவரி, எந்த எக்ஸெப்ஷன் லெவல் (ஆர்மின் அதிகார நிலை). இவற்றை நீங்கள் எழுதி வைக்காவிட்டால் அது தன் இயல்புப்படி எடுக்கும், அந்த இயல்பு போர்டுக்குப் போர்டு வேறு, சிலது ஃபர்ம்வேர் பதிப்புக்குப் பதிப்பும் வேறு.

உங்கள் போர்டு இயல்பாகத் தேடும் பெயர்

பை 1, ஜீரோ, ஜீரோ டபிள்யூ: இவை ஆர்ம்வி6 என்ற பழைய 32 பிட் வகை, தேடுவது கெர்னல்.ஐஎம்ஜி. பை 2, பை 3, 3 பிளஸ், ஜீரோ 2 டபிள்யூ எல்லாம் 32 பிட் நிலையில் கெர்னல்7.ஐஎம்ஜி-யைத் தேடும். பை 4-ம் 400-ம் இப்போதைய ஃபர்ம்வேரில் இயல்பாகவே 64 பிட், எனவே கெர்னல்8.ஐஎம்ஜி, 32 பிட்டுக்கு மாற்றினால் கெர்னல்7எல்.ஐஎம்ஜி (அந்த எல் பெரிய மெமரி முகவரிகளுக்கான எல்பிஏஇ-யைக் குறிக்கிறது, ஒன்று என்ற எண் என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள்). பை 5 முதலில் கெர்னல்_2712.ஐஎம்ஜி-யைத் தேடி, அது இல்லை என்றால்தான் கெர்னல்8.ஐஎம்ஜி-க்கு வரும்.

பை 5-ன் இந்தப் பழக்கம் ஒரு பொறி. லினக்ஸ் போட்ட கார்டையே எடுத்து அதில் உங்கள் கெர்னல்8-ஐ மேலெழுதினால், பக்கத்தில் இருக்கும் 2712 கோப்புதான் ஓடும், உங்களுடையதைப் போர்டு திரும்பியே பார்க்காது. பேர்-மெட்டலுக்குத் தனிக் கார்டு வைத்துக்கொள்வது நல்லது. அதில் தேவையான கோப்புகளைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

பை 2-ல் இன்னொரு குழப்பம் உண்டு. 2015-ல் வந்த முதல் பதிப்பில் இருப்பது கோர்டெக்ஸ்-ஏ7, அது 32 பிட் மட்டுமே. பதிப்பு 1.2-ல் பை 3-ல் இருக்கும் கோர்டெக்ஸ்-ஏ53 வந்துவிட்டது, 64 பிட் ஓடும். போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பெயர்தான் மோடையும் தீர்மானிக்கிறது

பெயரில் இருக்கும் 7, 8 சும்மா அடையாளத்துக்கு இல்லை. ஆர்ம் கோரை 32 பிட்டில் எழுப்புவதா 64 பிட்டில் எழுப்புவதா என்பதை ஃபர்ம்வேர் அதை வைத்தும் முடிவு செய்கிறது. பை 3-ல் கான்ஃபிக் எதுவும் இல்லாமல் கெர்னல்8.ஐஎம்ஜி மட்டும் இருந்தால் அது 64 பிட்டில் கிளம்பும். பழைய பை 3 டுடோரியல்கள் பலவும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

இப்போது நீங்கள் அழகாக ஒரு பெயர் வைக்க ஆசைப்பட்டு, கான்ஃபிக்கில் கெர்னல்=சோதனை.ஐஎம்ஜி என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேருக்குத் தெரிந்த பெயர் இல்லை இது, எனவே மோடை இதிலிருந்து ஊகிக்க முடியாது, போர்டின் இயல்புக்குப் போய்விடும். பை 3-ல் இயல்பு 32 பிட். உங்கள் 64 பிட் கோடின் பைட்டுகளை 32 பிட் கட்டளைகளாக அது வாசிக்கத் தொடங்கும், முதல் சில கட்டளைகளிலேயே எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கும், வெளியே ஒரு சத்தமும் வராது. அதே கார்டைப் பை 4-ல் போட்டால் ஓடிவிடும், ஏனென்றால் அங்கே இயல்பு 64. "பை 4-ல் ஓடுகிறது, பை 3-ல் ஓடவில்லை, ஹார்டுவேர் கோளாறோ" என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எனவே சொந்தப் பெயர் வைத்தால் ஆர்ம்_64பிட்=1 அல்லது 0 என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தெரிந்த பெயரை வைத்தாலும் எழுதுங்கள் என்பதே என் பழக்கம். ஒரு வரிதானே. பை 5-ல் மட்டும் இந்த வரிக்கு வேலை இல்லை, அது 64 பிட் கெர்னலை மட்டுமே ஏற்கும்.

கான்ஃபிக்.டிஎக்ஸ்டி-யை எழுதுவது

ஒரே கார்டு, பை 3-க்கும் பை 4-க்கும் பொது என்றால் நான் எழுதுவது இப்படி இருக்கும்:

[பை3]
கெர்னல்=மூன்று.ஐஎம்ஜி
[பை4]
கெர்னல்=நான்கு.ஐஎம்ஜி
[ஆல்]
ஆர்ம்_64பிட்=1
கெர்னல்_அட்ரஸ்=ஹெக்ஸ் 80000
எனேபிள்_யுஆர்ட்=1

கடைசி வரி சீரியல் போர்ட்டை (யுஆர்ட்) இயக்குவதற்கு. சதுர அடைப்புக்குள் இருப்பவை ஃபில்டர்கள். ஒரு மாடல் ஃபில்டர் வந்தால் அடுத்த மாடல் ஃபில்டர் வரும்வரை அதன் கீழுள்ள வரிகள் அந்த மாடலுக்கு மட்டும். ஒரே வகை ஃபில்டர் முந்தையதை நீக்கிவிட்டுத் தான் உட்காரும். வேறு வகை ஃபில்டர் முந்தையதோடு சேர்ந்துகொள்ளும். [ஆல்] எல்லாவற்றையும் துடைத்துவிடும். கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கும்போது அதற்கு மேலே எந்த ஃபில்டர் திறந்திருக்கிறது என்று பார்க்காமல் சேர்ப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு, அதனால் சேர்ப்பதற்கு முன் [ஆல்] போட்டுவிடுங்கள். இன்னொன்று, [பை0] என்பது ஜீரோ 2 டபிள்யூ-வையும் பிடிக்கும். பழைய ஜீரோ ஆர்ம்வி6, ஜீரோ 2 டபிள்யூ ஏ53, இரண்டுக்கும் ஒரே இமேஜ் கொடுத்தால் சரிவராது. [பை02] என்று தனியாக ஒரு பகுதி கீழே எழுதுங்கள்.

விண்டோஸில் எடிட் செய்பவர்கள் கோப்பின் முழுப் பெயரையும் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். நோட்பேடில் சேமித்து, பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி இரண்டு முறை ஒட்டிக்கொண்டு, போர்டு அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாமலே போவது நடக்கிறது.

ஓஎஸ்_ப்ரிஃபிக்ஸ் என்று ஒரு வசதியும் உண்டு, கெர்னல்களைத் தனித்தனி ஃபோல்டரில் வைத்து ஒரு வரியில் மாற்றலாம். ஆனால் அந்த ஃபோல்டரில் கெர்னலோடு அந்தப் போர்டின் ஹார்டுவேரை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பும் இல்லை என்றால் ஃபர்ம்வேர் அந்த வரியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு மேல் ஃபோல்டரில் தேடும். பேர்-மெட்டலில் நம்மில் பலர் டிவைஸ் ட்ரீயே வைப்பதில்லை, எனவே இது நமக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நான் கெர்னல்= வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எந்த முகவரியில் வைக்கிறது

32 பிட் கெர்னல் ஹெக்ஸ் 8000-ல் ஏறும். 64 பிட் கெர்னலுக்கு நெடுங்காலம் ஹெக்ஸ் 80000 என்பதே எல்லோரும் எழுதிய எண். இப்போதைய ஆவணம் 64 பிட்டின் இயல்பை ஹெக்ஸ் 200000 என்கிறது. நீங்கள் பின்பற்றும் டுடோரியல் எந்தக் காலத்தது, கார்டில் இருக்கும் ஃபர்ம்வேர் எந்தக் காலத்தது என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, கெர்னல்_அட்ரஸ் வரியை எழுதி, லிங்கர் ஸ்கிரிப்டிலும் (கோட் எந்த முகவரிக்கு என்று சொல்லும் கோப்பு) அதே எண்ணைப் போட்டுவிடுவது சுலபம். இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கொஞ்சம் நுணுக்கமானது, ஏனென்றால் உடனே செத்துப்போகாது. 64 பிட் கட்டளைகளில் பல, தாம் இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுத் தாவுகின்றன, அதனால் பாதிக் கோட் சரியாகவே ஓடும். முழு முகவரி சேமித்து வைத்திருக்கும் இடத்தை, உதாரணமாக ஃபங்ஷன் பாயிண்டர் அட்டவணையையோ ஸ்ட்ரிங்குகளின் அட்டவணையையோ தொடும்போதுதான் விழும். "ஒரு எழுத்தை அனுப்பினால் வருகிறது, அட்டவணையிலிருந்து எடுத்து அனுப்பினால் குப்பை வருகிறது" என்ற அறிகுறி தெரிந்தால் முகவரியைச் சந்தேகப்படுங்கள்.

இமேஜின் முதல் பைட்டிலேயே உங்கள் தொடக்கக் கட்டளை இருக்க வேண்டும். ஃபர்ம்வேருக்கு வேண்டியது வெறும் பைனரி, லிங்கர் தரும், கூடுதல் விவரங்கள் சேர்ந்த எல்ஃப் கோப்பு இல்லை. எல்ஃபில் நீங்கள் குறித்த என்ட்ரி பாயிண்ட் அதற்குத் தெரியாது. ஆப்ஜ்காப்பி என்ற கருவி கொண்டு பைனரியாக்குங்கள், லிங்கர் ஸ்கிரிப்டில் தொடக்கப் பகுதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, லிங்கர் அதைத் தூக்கிவிடாதபடி கீப் என்ற கட்டளையைப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் இமேஜின் முதல் நான்கு பைட்டுகளை ஹெக்ஸ் டம்ப்பில் பாருங்கள்; 7எஃப் 45 4சி 46 என்று இருந்தால் எல்ஃபையே பெயர் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

உள்ளே நுழையும்போது எந்த நிலை

கெர்னலுக்கு முன்னால் ஆர்ம் ஸ்டப் என்ற சின்னக் கோட் ஓடுகிறது. தனியாகக் கொடுக்காவிட்டால் ஃபர்ம்வேருக்குள் இருப்பதையே அது எடுத்துக்கொள்ளும். இது இன்டரப்ட் கன்ட்ரோலர் போன்றவற்றைத் தயார் செய்து, 64 பிட்டில் உங்களை ஈஎல்2-ல் (எக்ஸெப்ஷன் லெவல் 2) இறக்கிவிடும், டிவைஸ் ட்ரீ முகவரியை எக்ஸ்0 ரெஜிஸ்டரில் கொடுக்கும், மற்ற மூன்று கோர்களைத் தூங்க வைத்திருக்கும். கெர்னல்_ஓல்ட்=1 என்று எழுதினால் இமேஜ் முகவரி பூஜ்ஜியத்திலேயே ஏறும், ஸ்டப்புக்கு இடமில்லை, நான்கு கோர்களும் ஒரே நேரத்தில் உங்கள் முதல் வரிக்கு வரும். பழைய உதாரணங்களில் இந்த வரியைப் பார்த்தால் அந்தக் கோட் அப்படி வருவதற்குத் தயாராக எழுதப்பட்டது என்று அர்த்தம். வரியை மட்டும் நகலெடுத்து உங்கள் கான்ஃபிக்கில் ஒட்டாதீர்கள். எப்படியிருந்தாலும் கோர் எண்ணைப் பார்த்து பூஜ்ஜியம் தவிர மற்றவற்றை நிறுத்தும் மூன்று நான்கு கட்டளைகளைத் தொடக்கத்தில் வைத்திருங்கள்.

பை 5-க்குத் தனியாக

கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கட்டாயம், அது இருந்தால்தான் அந்தப் பார்ட்டிஷனைப் பூட் ஆகக்கூடியதாகவே எடுத்துக்கொள்ளும். பொருத்தமான டிவைஸ் ட்ரீ இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்க்கும், இல்லாவிட்டால் உங்கள் கெர்னலைத் தொடாது. ஓஎஸ்_செக்=0 என்று எழுதினால் அந்தச் சோதனை நின்றுவிடும், பேர்-மெட்டல்காரர்களுக்காகவே இருக்கும் வரி இது. ஜிபிஐஓ (வெளியே கம்பி இணைக்கும் பின்கள்) எல்லாம் ஆர்பி1 என்ற தனிச் சிப்பில், பிசிஐஇ என்ற இணைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. கெர்னலுக்குக் கைமாற்றும் முன் அந்த இணைப்பை ஃபர்ம்வேர் ரீசெட் செய்துவிடும். பிசிஐஇஎக்ஸ்4_ரீசெட்=0 போட்டால் அமைத்தது அமைத்தபடி உங்களுக்குக் கிடைக்கும். முதல் "வணக்கம்" அனுப்ப இரண்டு எச்டிஎம்ஐ போர்ட்டுகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன டீபக் கனெக்டர்தான் வசதி, அதற்கு ஆர்பி1 தேவையே இல்லை.

ஒரு கம்பியால் கெர்னலை மாற்றுவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஃபில்டர்களில் ஜிபிஐஓ நிலையைப் பார்ப்பதும் ஒன்று:

கெர்னல்=புதியது.ஐஎம்ஜி
[ஜிபிஐஓ4=0]
கெர்னல்=நல்லது.ஐஎம்ஜி
[ஆல்]

ஜிபிஐஓ 4 ரீசெட்டில் இயல்பாகவே உள் புல்-அப்போடு (1 பக்கம் இழுக்கும் ரெசிஸ்டர்) இருப்பதால் ஒன்றும் இணைக்காதபோது அது 1. போர்டின் பின் வரிசையான ஹெடரில் அது 7-வது பின், அதே வரிசையில் பக்கத்தில் இருக்கும் 9-வது பின் கிரவுண்ட். இரண்டையும் ஒரு ஜம்பர் கம்பியால் இணைத்துப் பவர் கொடுத்தால் 0, ஏற்கெனவே ஓடி நிரூபித்த கெர்னல் வரும்; கம்பியை உருவிவிட்டுப் பவர் கொடுத்தால் புதியது. புதிய இமேஜ் ஓடாதபோது "போர்டு செத்ததா, என் கோட் செத்ததா" என்ற கேள்விக்குக் கார்டைக் கழற்றாமலே அரை நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். 7-ம் 9-ம் இருக்கும் அதே வரிசையில் 1-வது பின் 3.3 வோல்ட், எதிர் வரிசையில் 2-ம் 4-ம் 5 வோல்ட், எனவே பின்னை எண்ணிப் பார்த்துவிட்டுப் பவரை அணைத்த நிலையில் செருகுங்கள்.

லினக்ஸும் கூடவே வைத்திருப்பவர்களுக்கு ட்ரைபூட் என்ற கொடி (ஃபிளாக்) இருக்கிறது. அந்தக் கொடியோடு ரீபூட் செய்தால் ஒரே ஒரு முறை மட்டும் கான்ஃபிக்குக்குப் பதில் ட்ரைபூட்.டிஎக்ஸ்டி படிக்கப்படும், அடுத்த முறை தானாகப் பழையதற்குத் திரும்பிவிடும்.

ஓடுவது உங்களுடையதுதானா என்று பார்ப்பது

எல்இடி-யிலிருந்து தொடங்குங்கள். பச்சை விளக்கு திரும்பத் திரும்ப நான்கு முறை மின்னினால் ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை, ஏழு முறை மின்னினால் கெர்னல் இமேஜ் கிடைக்கவில்லை. ஏழு என்றால் பெயரைப் பாருங்கள், கோடைத் திறக்கவே வேண்டாம்.

அப்புறம் யுஆர்ட்_2ண்ட்ஸ்டேஜ்=1 என்ற வரி. இதைப் போட்டால் ஃபர்ம்வேர் தான் செய்வதையெல்லாம் சீரியலில் சொல்லும்: எந்தக் கோப்பைப் படித்தது, எந்த முகவரியில் வைத்தது, எவ்வளவு அளவு என்று. ஹெடரின் 8, 10-வது பின்கள், 115200 பாட், 3.3 வோல்ட் அடாப்டர் மட்டும். 5 வோல்ட் சிக்னல் போர்டைக் கெடுத்துவிடும். அந்த அளவு எண்ணை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் இமேஜின் அளவோடு ஒப்பிட்டிருந்தால் எனக்கு அந்த இரண்டு சாயங்காலம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, கெர்னலுக்குள்ளேயே ஒரு முத்திரை. என் கெர்னல்கள் எல்லாம் முதல் வேலையாக மூன்றை அச்சிடுகின்றன: கம்பைல் ஆன தேதியும் நேரமும், தற்போதைய எக்ஸெப்ஷன் லெவல், தொடக்க லேபிளின் உண்மையான முகவரி. கம்பைல் நேரம் அந்த ஒரு சோர்ஸ் கோப்பு மறுபடி கம்பைல் ஆனால்தான் மாறும் என்பதை மறக்காதீர்கள், மேக்ஃபைலில் அந்தக் கோப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் கட்டாயமாகக் கம்பைல் செய்ய வைத்திருக்கிறேன். நகலெடுத்த பிறகு கார்டை முறையாக அன்மவுண்ட் செய்துவிட்டு எடுங்கள். எழுதி முடியாத கோப்பும் கார்டில் சரியான பெயரோடுதான் இருக்கும்.

கியூஎமு என்ற எமுலேட்டரில் ஓடுகிறது, போர்டில் ஓடவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். கியூஎமு இந்த ஃபர்ம்வேரை ஓட்டுவதே இல்லை, கான்ஃபிக்கைப் படிப்பதில்லை, நீங்கள் கெர்னல் என்று கொடுத்ததை நேரடியாக ஏற்றுகிறது. எல்ஃப் கோப்பைக் கொடுத்தால் அதில் எழுதியிருக்கும் முகவரியிலேயே வைத்து, அதில் எழுதியிருக்கும் என்ட்ரி பாயிண்டுக்கே தாவுகிறது. முதல் பைட் தவறு, முகவரி தவறு இரண்டும் அங்கே ஒளிந்துகொள்ளும். கியூஎமுவுக்கும் ஆப்ஜ்காப்பி செய்த பைனரியையே கொடுத்துப் பழகுங்கள், கார்டில் போகப்போகும் அதே கோப்பை.